வருகிறவருக்குச் சலுகை, இருப்பவருக்கு நோட்டீஸ்

நம் கடையில் இருக்கும் சோப்பு, பற்பசை, ஷாம்பு இவற்றின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த இடம் பத்தி, ஹரித்வார், ருத்ராபூர் என்று பலவற்றில் அச்சாகியிருக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஆலை கட்டி, லாரி வாடகை கொடுத்து இங்கே அனுப்புவானேன்? 2003-ஆம் ஆண்டில் மத்திய அரசு, இமாசலப் பிரதேசத்திலும் அன்றைய உத்தராஞ்சலிலும் தொடங்கும் புதிய ஆலைகளுக்குப் பத்தாண்டு கலால் வரி விலக்கு அறிவித்தது. அந்தச் சலுகையைத் தேடித்தான் ஆலைகள் மலையேறின. எங்கள் ஆலைகள் போய்விடும் என்று பக்கத்துப் பஞ்சாப் கூக்குரலிட்டது.

1990-களில் இந்தப் போட்டி விற்பனை வரியை வைத்தே நடந்தது. அது மாநிலப் பட்டியலில் இருந்த வரி. ஆகவே ஒரு மாநிலம் புதிய ஆலைக்கு வரி விலக்கு என்றால், அடுத்த மாநிலம் வரியை வருடக் கணக்கில் ஒத்திவைக்கிறோம் என்றது. பாண்டிச்சேரியில் பல பொருள்களுக்கு வரி குறைவாக இருந்ததால் கடலூர், விழுப்புரம், திண்டிவனம் வணிகர்கள் பட்ட பாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. போட்டி போட்டதில் எல்லா மாநிலங்களின் கஜானாவும் இளைத்தது. 1999 நவம்பரில் முதலமைச்சர்கள் டெல்லியில் கூடி, 2000 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் ஒரே குறைந்தபட்ச வரி, புதிய ஆலைகளுக்கு விற்பனை வரிச் சலுகை கிடையாது என்று முடிவு செய்தார்கள். பின்னர் வாட் வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.

அதோடு போட்டி ஒழிந்ததா? இல்லை. வரி விகிதத்தில் கை வைக்க முடியாததால், கட்டிய மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருகிறோம் என்று பல மாநிலங்கள் பெரிய நிறுவனங்களை அழைக்கின்றன. நிலம், மின்சாரம், முத்திரைத்தாள் கட்டணம் ஆகியவற்றில் தரும் சலுகை தனி.

ஆலை வருவதை நாம் எதிர்க்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் சம்பளம் வாங்குகிறவர் அரிசி பருப்பு வாங்க நம்மிடம்தான் வருகிறார். (கைபேசியில் வாங்குகிறவர்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.) ஆனால் "வேறு மாநிலம் போய்விடுவேன்" என்று சொல்லும் பலம் ஆலைக்கு உண்டு, மளிகைக் கடைக்கு இல்லை. நம் வாடிக்கையாளரும் கடன் நோட்டும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன.

சரக்காவது எல்லை தாண்டலாமென்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ளவர் ஒரு சதவீதம் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். ஆனால் வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. ஓசூர் வியாபாரி பக்கத்து அத்திப்பள்ளிக் கடைக்கு நாலு பெட்டி பிஸ்கட் அனுப்பினால் திட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். ஆலைகளை இழுக்க எல்லையை அழிக்கும் அரசுகள், நமக்கு மட்டும் அதை ஆழமாகக் கோடு போட்டு வைத்திருக்கின்றன.

சின்னக் கடைக்காரருக்குச் சலுகை காட்ட மாநிலங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 2019 ஏப்ரல் முதல் சரக்கு வணிகர்களுக்கான பதிவு வரம்பை 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். தமிழ்நாடு உயர்த்தியது, அதற்கு நன்றி சொல்வோம். வரிக் குறைப்புக்குப் பேர்போன புதுச்சேரி 20 லட்சத்திலேயே நின்றுவிட்டது. தெலங்கானாவும் அப்படியே.

எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு வரி திருப்பித் தரப்பட்டது, வாக்களித்த வேலைகளை அது கொடுத்ததா என்ற கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். காம்போசிஷன் வணிகரும் வெளி மாநிலத்துக்கு விற்க வழி செய்யுமாறு ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழ்நாடு குரல் கொடுக்க வேண்டும். அங்கே முடிவாக நாலில் மூன்று பங்கு வாக்கு தேவை. எனவே கிளைச் சங்கங்கள் தீர்மானம் போட்டுச் சென்னைக்கு அனுப்புவதோடு நிற்காமல், எல்லைக்கு அப்பால் தாம் சரக்கு வாங்கும், விற்கும் வணிகர்களிடமும் பேசி, அவர்கள் மாநில நிதியமைச்சருக்கும் எழுதச் செய்ய வேண்டும்.