ஊசிக்குத் தோள் கொடுத்த மண்

சேக்காட்டில் எங்கள் சிறு வாசகர் குழு மாதந்தோறும் கூடுவது வழக்கம். அண்மையில் ஒரு கூடுகையில் பேச்சு புதுமைப்பித்தனில் தொடங்கி, 1948இல் அவர் உயிரைப் பறித்த காசநோயில் வந்து நின்றது. கீட்ஸ், செக்காவ், காஃப்கா எனப் பெயர்கள் அடுக்கப்பட்டன. மெலிந்த உடல், ஒளிரும் கண்கள், அகாலத்தில் அணைந்த மேதைமை என்று வழக்கமான சொற்களும் வந்தன. அப்போது நண்பர் ஒருவர் கூறியதன் சாரம் இது: "இன்று இந்த நோய் யாருக்கு வருகிறது? சூளையில் கிடக்கும் இருளர்களுக்கும் மலைவாசிகளுக்கும்தானே. மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், போதாக்குறைக்கு மாதந்தோறும் பணமும் கொடுக்கிறார்கள். இதற்குப் பிறகும் நோயோடு இருந்தால் யார் என்ன செய்ய முடியும்? அவர்கள் உடம்பும் பழக்கமும் அப்படி."

ஒருவரும் மறுக்கவில்லை. தேநீர் வந்தது, பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. அந்த மௌனத்துக்காக வெட்கப்படுகிறோம். நண்பருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், அவர் அமர்ந்து பேசிய மண்ணைப் பற்றி. காசநோயையும் தொழுநோயையும் உண்டாக்குபவை மைக்கோபாக்டீரியம் என்னும் ஒரே நுண்ணுயிர்க் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் கணிசமான பங்கு, திருவள்ளூரையும் ஆவடியையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்து மனிதர்களின் உடலிலிருந்து கற்றது. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய 1968 முதல் 1971 வரை இங்கே ஊர் ஊராகச் சென்று, ஏறத்தாழ 2,81,000 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற போலி ஊசியோ போட்டார்கள். எங்களில் ஒருவரின் தாயார் திருவள்ளூரை அடுத்த கிராமத்தில் பிறந்தவர். ஜீப் வந்ததும், சளி பிடிக்கச் சிறு குப்பி கொடுத்ததும், ஊசிக்குப் பயந்து பிள்ளைகள் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்ததும் அவருக்கு இன்றும் நினைவிருக்கின்றன. எதற்கு அந்த ஊசி என்று கேட்டால், "நல்லதுக்குன்னு சொன்னாங்க" என்பார்.

முடிவு என்னவாயிற்று? பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முழு அறிக்கை 1999இல் வெளிவந்தபோதும் அதே விடைதான். குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு பாதுகாப்புத் தெரிந்தது. இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் நோய் செய்யாத வேறு மைக்கோபாக்டீரியங்கள் மிகுந்திருப்பதால், உடல் முன்பே அவற்றோடு பழகிவிடுகிறது, ஆகவே ஊசியின் பயன் தெரியாமற் போகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் முக்கியமானது. தோல்வியை மறைக்காமல் வெளியிட்ட அறிவியலாளர்களின் நேர்மையை மதிக்கிறோம். அந்தத் தோல்வியை உலகம் கற்றுக்கொள்ளத் தோள் கொடுத்தவர்கள் யார் என்பதையும் மறக்கலாகாது என்கிறோம்.

அதோடு முடியவில்லை. 1991இல் ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவு, தொழுநோய்க்கு எதிரான நான்கு தடுப்பூசி முறைகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் பெரும் ஆய்வைத் தொடங்கிற்று. 1,71,400 பேர் தாமாக முன்வந்தனர். பி.சி.ஜி. மட்டும் 34 விழுக்காடும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியோடு சேர்ந்த பி.சி.ஜி. 64 விழுக்காடும் பாதுகாப்புத் தந்ததாக 1998இல் முடிவு வெளியாயிற்று. அந்தக் களப்பிரிவும் மற்றொரு நிறுவனமும் இணைந்துதான் 1999இல் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உருவாயிற்று. அது இன்று அயப்பாக்கத்தில், எங்களிடமிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. ஆக, ஆய்வு இங்கே அந்நியமன்று. ஆராய்ந்தவர்களும் ஆராயப்பட்டவர்களும் ஒரே சாலையில் நடந்தவர்கள். "அவர்கள் உடம்பு அப்படி" என்ற சொல்லை இந்த மண்ணில் நின்று உதிர்ப்பதற்கு மிகுந்த மறதி வேண்டும்.

இனி நண்பரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

உடம்பு என்கிறார். இது புதிய கண்டுபிடிப்பன்று. கனடாவில் தொல்குடியினரின் இரத்தமே காசநோய்க்கு இளகியது என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்றறிந்தவர்களே நம்பினார்கள். சஸ்காட்சுவான் மாநிலத்தின் கப்பெல் பகுதியில் 1933 முதல் தொல்குடிக் குழந்தைகள் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டு மருத்துவர் ஃபெர்குசன் பி.சி.ஜி. ஆய்வொன்றை நடத்தினார். ஊசி போட்ட குழந்தைகளில் 6 பேருக்கும், போடாதவர்களில் 29 பேருக்கும் காசநோய் கண்டது. வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்குள் இன்னொரு கணக்கு இருந்தது. ஊசி போட்டவர், போடாதவர் என்ற பேதமின்றி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் பிற நோய்களாலும் இறந்துபோயிற்று. காசநோயிலிருந்து காப்பாற்றிய குழந்தையை வறுமையிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தின் சஹரியா பழங்குடியினரிடம் லட்சத்துக்கு 1,518 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதாக 2010இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதே மாநிலத்தின் பிற பழங்குடியினரிடம் அது லட்சத்துக்கு 400க்கும் குறைவு. சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 17 மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி சராசரி 432. ஒடிசாவில் 803, ஜம்மு காஷ்மீரில் 127. பழங்குடி உடம்பு என்று ஒன்று இருந்து அதுவே காரணமாகவும் இருந்தால், இந்த எண்கள் மாநிலத்துக்கு மாநிலம் இப்படித் துள்ளுவானேன்? துள்ளுவது இரத்தமன்று. உண்ணும் உணவு, உறங்கும் இடம், சுவாசிக்கும் புகை, மருத்துவமனைக்குள்ள தூரம் ஆகியவையே துள்ளுகின்றன.

அடுத்து, மருந்து இலவசம் என்கிறார். உண்மை, அதன் அருமையைக் குறைத்துச் சொல்லமாட்டோம். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வொன்று உலக மருத்துவத்தையே திருப்பிப்போட்டது. ஏழை நோயாளிகள் 193 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைச் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்தனர். மறு குழுவினர் தத்தம் நெரிசலான வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளை உண்டனர். இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். சானடோரியங்களின் காலம் அதோடு முடிந்தது. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே மருத்துவம் கிடைக்க அந்த ஆய்வு வழிவகுத்தது.

ஆனால் அந்த அரிய முடிவை உலகம் தனக்கு வசதியாகப் படித்துக்கொண்டது. மருந்து உண்பவன் குணமாக நல்லுணவு கட்டாயமில்லை என்பதே ஆய்வு சொன்னது. மருந்து இருந்தால் பசியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று அது சொல்லவில்லை. குணமாவது ஒன்று, நோய் வராமலிருப்பது மற்றொன்று. இந்த வேறுபாட்டை நிறுவ அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை, காசநோயாளிகள் 2,800 பேரின் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் முதலிய பழங்குடியினர். ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அவர்களிடம் காசநோய் 39 விழுக்காடு குறைந்தது. தொற்றிப் பரவும் நுரையீரல் வகை 48 விழுக்காடு குறைந்தது. 2023இல் வெளியான இம்முடிவையும் செங்கற்பட்டு முடிவையும் அருகருகே வைப்பது முறையான ஒப்பீடு ஆகாது என்பதை அறிவோம். ஆயினும் கேட்காமலிருக்க முடியவில்லை: ஊசி காக்காத இடத்தில் பருப்பு காத்ததென்றால், நாம் எதை மருந்து என்று அழைக்கப்போகிறோம்?

மூன்றாவதாக, பழக்கம் என்கிறார். வரவேண்டியவர்கள் வருவதில்லை என்பது இதன் பொருள். நண்பர் சூளையைப் பார்த்திருக்கிறாரா? மழை ஓய்ந்தபின் தொடங்கி மீண்டும் மழை வரும்வரை, ஏறத்தாழ ஆறு மாதம், சூளையில் வேலை நடக்கிறது. காசநோய் மருந்தும் ஆறு மாதம் உண்ண வேண்டும். இரண்டும் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதே சிக்கல். முன்பணம் வாங்கிய குடும்பம் ஒன்றாகச் சூளைக்குப் போகிறது. பின் சவுக்கு வெட்டப் போகிறது. அரிசி ஆலைக்குப் போகிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை அதன்பின்னும் நாம் படித்துக்கொண்டேயிருந்தோம். முன்பணத்தில் கட்டுண்டவர் அரைநாள் விடுப்புக் கேட்டு, பேருந்து ஏறி, சளி கொடுத்து, மறுபடி முடிவு வாங்க வருவது யாருடைய அனுமதியில் நடக்கும்? மாத உதவித்தொகை 2018இல் 500 ரூபாயாக இருந்து 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆனது நல்ல செய்தி. அது வங்கிக் கணக்கில்தான் விழும். கணக்குத் தொடங்கச் சான்று வேண்டும். சான்றுக்கு முகவரி வேண்டும். ஏரிக்கரைக் குடிசைக்குக் கதவெண் ஏது?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். திருவள்ளூர்ப் பகுதியில் 1999இல் மருந்தை நேரில் உண்ணவைக்கும் திட்டம் வந்தபின், லட்சத்துக்கு 600க்கு மேலிருந்த காசநோய் சில ஆண்டுகளில் 310 அளவுக்கு இறங்கிற்று. ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் மீண்டும் ஏறியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளி வந்த அன்றே எடையும் மூச்சும் நடக்கும் வலுவும் பார்த்து, கடுமையாக மெலிந்தவரை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. எலும்பும் தோலுமாய் வருபவருக்கு மாத்திரை மட்டும் போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. நண்பர்தாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் கோரிக்கை பெரிதன்று. மாவட்டச் சராசரி என்பது அடுக்குமாடியையும் ஏரிக்கரைக் குடிசையையும் கூட்டி வகுத்த எண். அதைப் பிரித்துக் காட்டுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் 1.89 லட்சம் இருளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்நோய் எவ்வளவு என்பது அவர்கள் பெயராலேயே மாவட்டவாரியாக வெளியிடப்படட்டும். 2023 ஜனவரியில்தான் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்ற, ஆவடியிலும் வாழ்கிற நரிக்குறவர்களையும் சேர்த்தே சொல்கிறோம். நோயாளியின் வீட்டார் அனைவருக்கும் அரிசியும் பருப்பும் போகட்டும். மருத்துவ ஊர்தி சூளை வாசலுக்கு, வேலை ஓயும் மாலையில் வரட்டும். 1968இல் ஊசியோடு ஊர் ஊராக ஜீப் போக முடிந்ததென்றால், இன்று உணவோடும் மருந்தோடும் போக முடியாதா? காசநோயை ஒழிப்பதாக நாடு குறித்துக்கொண்ட 2025ஆம் ஆண்டு கடந்துவிட்டது. நோய் கடந்துவிடவில்லை.

இறுதியாக, எங்களுக்கும் ஒரு சொல். காசத்தால் மாண்ட எழுத்தாளர்களின் நாட்களை நாங்கள் தவறாமல் நினைவுகூர்கிறோம். 2021இல் 'ஜெய் பீம்' பார்த்துக் கண்கலங்கினோம். ஆனால் எங்கள் கூடுகை நடக்கும் அறையின் சுவர்ச் செங்கல்லை அறுத்தவர் எவர், அவர் இருமுகிறாரா என்று ஒருநாளும் கேட்டதில்லை. புதுமைப்பித்தனின் இருமல் இலக்கிய வரலாறாகவும் சூளைக்காரரின் இருமல் 'பழக்கமாகவும்' எங்கள் காதில் விழுந்திருக்கிறது. கிருமி ஒன்றுதான். செவிதான் இரண்டாக இருந்திருக்கிறது.

நண்பர் அடுத்த கூடுகைக்கு அவசியம் வரவேண்டும். மறுப்பிருந்தால் சொல்லட்டும், கேட்கிறோம். இம்முறை மௌனமாக இருக்கமாட்டோம்.