அடர் நீலமா, வெளிர் நீலமா?

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன உலகப்போர். காரணம், பெயிண்ட்!

முடிச்சூரில் எங்களுடையது சின்ன வீடு. ஜன்னலைத் திறந்தால் மூன்றடியில் பக்கத்து வீட்டுச் சுவர். தாம்பரம், சேலையூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உள் அறைக்கு அடர் நீலம்தான் என்று நானும் தங்கையும் ஒரே பிடிவாதம். இணையத்தில் பார்த்த படங்கள் அப்படி! அம்மாவோ, "வெளிர் நீலம் அடிங்கடா, ரூம் ஜில்லுனு இருக்கும்" என்றார்.

அம்மா சொன்ன காரணம் தப்பு. வீட்டுக்குள் சூடு இறங்குவது மொட்டை மாடி வழியாகவும் வெயில் படும் வெளிச்சுவர் வழியாகவும்தான். உள்சுவரில் வெளிர் நீலம் அடித்தால் கண்ணுக்குத்தான் குளுமை, உடம்புக்கு இல்லை. இதைச் சொல்லி ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பெயிண்டர் அண்ணன் வாதாடவில்லை. சுவரில் இரண்டடிக்கு இரண்டடி இரண்டு நிறத்தையும் அடித்துவிட்டு, "ஒரு நாள் முழுக்கப் பாருங்க தம்பி" என்று போய்விட்டார். நான் படத்தில் பார்த்த அறைக்குப் பெரிய ஜன்னல். எங்கள் அறையில் பட்டப்பகலிலேயே அடர் நீலம் கறுப்பாகத் தெரிந்தது. பெயிண்டுக்கு எல்.ஆர்.வி. என்று ஒரு எண் உண்டு. மேலே விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைத் திருப்பித் தருகிறது என்பதைச் சொல்வது. நல்ல வெளிர் நீலம் 60-க்கு மேல் தரும். நேவி ப்ளூ 10-ஐத் தாண்டுவது கஷ்டம்.

காமர்ஸ் மாணவன் ஆயிற்றே, கரண்ட் கணக்கும் போட்டேன். 20 வாட் டியூப் லைட் பகலில் கூடுதலாக ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 7.2 யூனிட். அதனால் சொத்து ஒன்றும் கரையாது. ஓதம்தான் பெரிய செலவு. 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அன்று தண்ணீரில் நின்ற எங்கள் சுவரில் இன்றும் மழைக்காலம் வந்தால் உப்புப் பூக்கிறது. அடர் நீலத்தில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும்.

ஆனால் என்னை மாற்றியது இதெல்லாம் இல்லை. அந்த அறை பாட்டியுடையது. அவருக்குப் பார்வை மங்கல். எங்கள் உலகப்போரில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் நான் கேட்டேன்.

"பொங்கலுக்குச் சுண்ணாம்புல துளி நீலம் கலந்து அடிப்போமே, அந்தக் கலர் போதும்டா. விடிஞ்சது தெரியணும், அவ்வளவுதான்" என்றார்.

அடர் நிறத்துக்கு நான் எதிரி இல்லை. நல்ல வெளிச்சம் வரும் ஹாலில், ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவருக்கு மட்டும் அடியுங்கள், அழகாகவே இருக்கும். ஆனால் வெளிச்சமே வராத அறையில், அதுவும் வயதானவர்கள் நடமாடும் அறையில் வேண்டாம். நாம் போட்டோ எடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுவோம். பகல் முழுக்க அந்தச் சுவர்களுக்குள் இருக்கப்போவது அவர்கள்தான்.

உங்கள் வீட்டில் யாருடைய அறைக்கு யார் கலர் முடிவு செய்கிறார்கள்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் :-)