பாட்டி சொன்ன நாயனக்காரர்

அயல்நாட்டு வாத்தியங்களிடம் நம்மவர்கள் நடந்துகொள்ளும் விதமே வேடிக்கையானது. முதல் தலைமுறை முகத்தைச் சுளிக்கும். மூன்றாம் தலைமுறை, அது நம் ரிஷிகள் கண்டதென்று சத்தியம் செய்யும்! முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் கையில் எடுத்த பிடில், இன்று இல்லாவிட்டால் பாட்டுக் கச்சேரியே இல்லை. ஆர்மோனியத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. கமகம் பேசாதென்று குற்றம் சாட்டி, 1940-ல் ரேடியோ அதை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது; மறுபடி திறக்க முப்பது வருஷங்கள் ஆயின.

இப்படிப்பட்ட சபையில் ஸாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்தாரென்றால், அவருடைய நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது! அவர்தாம் கத்ரி கோபால்நாத்.

1994-ல் பாலசந்தரின் 'டூயட்' படம் வெளியானபோது நாம் சிறுபிள்ளைகள். தர்மபுரி ஜில்லாவில் எங்கள் ஊர் டீக்கடையில் காலையிலும் மாலையிலும் அந்த வாசிப்புத்தான். ஸாக்ஸபோன் என்றால் பாண்டு கோஷ்டியின் வாத்தியம் என்பதே அதுவரை நம் எண்ணம். பிறகு அவருடைய கீர்த்தனைகள் அடங்கிய கேசட் ஒன்று வீட்டுக்கு வந்தது. அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "யாரப்பா இந்த நாயனக்காரர்? சுகமா வாசிக்கிறாரே!" என்றாள். நாம் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பாட்டியின் காது பொய் சொல்லவில்லை. தென் கன்னட ஜில்லாவில் 1949-ல் பிறந்த கோபால்நாத்தின் தகப்பனார் தனியப்பா, நாதஸ்வர வித்வான். மகனும் முதலில் பழகியது அதைத்தான். மைசூர் அரண்மனை பாண்டில் ஸாக்ஸபோனைக் கண்ட பின்னரே மனம் அங்கே தாவியது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் சிக்ஷை பெற்றார்.

கஷ்டம் எங்கே என்றால், நாயனத்தில் விரல் துளையைத் தொடுகிறது. பாதி மூடலாம், மெல்ல வழுக்கலாம். ஸாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவில் சாவியும் மூடியும் நிற்கின்றன. திறந்தால் ஒரு ஸ்வரம், மூடினால் வேறொன்று. இரண்டுக்கும் நடுவேயல்லவா நம் தோடியும் பைரவியும் குடியிருக்கின்றன! அவர் மூடிகளின் அடித்தகட்டை மாற்றிப் பார்த்தார். மீதியை உதட்டாலும் மூச்சாலும் சாதித்தார். சாதகத்தில் கழிந்த வருஷங்கள் பல.

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.ஸி.யின் இசை விழாவில் வாசித்ததும் அதே 1994-ல். 2004-ல் பத்மஸ்ரீ வந்தது. 2019 அக்டோபர் 11-ல் மங்களூரில் காலமானார்.

நம் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அவர் பிறந்த சீமையில் இன்று கோயில் உற்சவத்திலும் கல்யாணப் பந்தலிலும் ஸாக்ஸபோன் தாராளமாக ஒலிக்கிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் தனியப்பாவின் நாயனத்துக்கு அந்தப் பந்தலில் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார்களா?