வௌவாலை விரட்டினால் மூட்டைப்பூச்சி போய்விடுமா?

தாய்லாந்துக் குகைகளில் வௌவால் எச்சம் அள்ளுவது நெடுநாளையத் தொழில். தழைச்சத்து மிகுந்த எரு என்பதால் நல்ல கிராக்கி. ராட்சபுரி மாகாணத்தில் ஒரு புத்தர் கோயிலுக்கு எச்சம் விற்ற பணமே முக்கிய வருமானம். அந்த எரு மூட்டையில் கட்டப்பட்டு வயலுக்கு வருமுன், அதை அள்ளிய கூலியாள் படும் பாட்டை யாரும் கேட்பதில்லை.

1969-ல் மத்திய தாய்லாந்துக் குகை வௌவால்களிடம் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. கெங் கோய் என்று பெயர். 1976-ல் வெளியான ஆய்வு, அதே வைரஸ் வௌவால் மூட்டைப்பூச்சிகளிடமும் இருப்பதைக் காட்டியது. வீட்டுக் கட்டிலில் இருக்கும் மூட்டைப்பூச்சிக்கு இவை பங்காளிகள். பாறை இடுக்கில் பதுங்கிக் கிடந்து வௌவாலின் ரத்தத்தைக் குடிக்கும். அகப்பட்டால் ஆளையும் விடா. எச்சம் அள்ளுவோரின் ரத்தத்தில் இந்த வைரஸை எதிர்க்கும் பொருள் காணப்பட்டது. அதாவது, வைரஸ் அவர்கள் உடம்பினுள் போய் வந்திருக்கிறது. ஃப்ளூ போன்ற காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இதைக் கேட்டதும் குகை வாயிலில் தீ மூட்டி வௌவாலைத் துரத்தச் சொல்வோர் உண்டு. அவசர புத்தி! கூரையில் அடைந்த வௌவாலை விரட்டிய வீடுகளில், பசித்த மூட்டைப்பூச்சி படுக்கை அறைக்கு இறங்கி வந்து மனிதரைக் கடித்திருக்கிறது. நெல் விவசாயிக்கு நஷ்டம் வேறு. எச்சம் தரும் இதே வௌவால்தான் இரவில் வெண்முதுகு தத்துப்பூச்சியைத் தின்கிறது. இதனால் தாய்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டன் அரிசி சேதமாகாமல் தப்புகிறது என்று 2014-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மருந்துத் தெளிப்பான் இல்லாமல், கூலி இல்லாமல் நடக்கும் வேலை இது.

ஆகவே கவனிக்க வேண்டியவர் அள்ளும் ஆள்தான். முழுக்கைச் சட்டை, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், மூக்குக்கு நல்ல முகமூடி வேண்டும். எச்சப் புழுதியிலுள்ள பூஞ்சணத்தால் நுரையீரல் நோய் வருவதும் உண்டு. வேலை முடிந்ததும் உடுப்பைக் கொதிநீரில் போட வேண்டும். அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோனால் பூச்சியும் கூடவே வரும். 1976 ஆய்வில் வைரஸ் அகப்பட்டது வளராத இளம் வௌவால்களிடம். குட்டி ஈனும் காலத்தில் குகைக்குள் போகாதிருப்பது ஆளுக்கும் நல்லது, குட்டிக்கும் நல்லது.

இதற்கெல்லாம் பணம் யார் கொடுப்பது? தினக்கூலிக்காரன் தலையில் கட்டுவது நியாயமல்ல. எச்சத்தை விற்றுக் காசு பார்ப்பவர் கொடுக்கட்டும். அதற்காக மூட்டைக்குச் சிறிது விலை கூடினால், வாங்கும் விவசாயி முணுமுணுக்க வேண்டியதில்லை.