பங்களா மரபுரிமை, லயம் அவமானமோ?

மலையகத்தின் பழைமையைப் பேணவேண்டுமென்று பலரும் பேசவும் எழுதவும் தலைப்பட்டிருக்கின்றனர். நல்லது. ஆனால் இவர்கள் பேணப் புறப்பட்ட பழைமை யாருடையது? கந்தப்பளையிலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை உல்லாச விடுதியாயிற்று. பொகவந்தலாவைப் பக்கத்திலே துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் செல்வந்தப் பயணிகளின் ஓய்வில்லங்களாயின. அந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. லூல்கந்துரையிலே, 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெயிலரின் குடிசை இருந்த இடத்தைக்கூட வருவோர்க்குக் காட்டுகின்றனர். துரையின் அடுப்புக்கல்லுக்கும் சரித்திரம் உண்டு. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமான லயத்துக் காம்பராவுக்கு மட்டும் சரித்திரம் இல்லையாம்!

1892இல் டெயிலர் இறந்தபோது அவரது சடலத்தை மலையிலிருந்து கண்டிவரை தோளிலே சுமந்து சென்றவர்கள் தோட்டத் தொழிலாளரே. டெயிலரின் கல்லறையிலே அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. சுமந்தவர்கள் திரும்பிச் சென்ற லயம் எது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

லயம் தற்செயலாக எழுந்த கட்டிடமன்று. 1820களிலே கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கைக்குத் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்தவர்களை, அறுவடை முடிந்ததும் திரும்பிவிடும் கூட்டமென்றே தோட்டக்காரர் கணக்கிட்டனர். கோப்பிக்கு ஒரு பருவமே வேலை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். பயிர் மாறிற்று, மனிதர் நிலைத்தனர், கட்டிடத்தின் எண்ணம் மட்டும் மாறவில்லை. ஒரே நெடுங்கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள்; இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசைகள். பின்சுவர் பொதுவென்றால் பின்வாசல் ஏது, காற்று ஏது? ஒரு சுவரின் செலவை மிச்சப்படுத்தத் தலைமுறை தலைமுறையாக மனிதரின் மூச்சை அடைத்தார்கள். முன்னே சிறிய இஸ்தோப்பு, தண்ணீருக்குப் பீலிக்கரை, விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கும் தப்புச் சத்தம். பங்களா குன்றின் உச்சியிலும் லயம் பள்ளத்திலும் நிற்பது நில அமைப்பின் விளைவல்ல, அதிகாரத்தின் வரைபடம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்த வரைபடத்துக்கு விலை கொடுத்தவர் யாரென்று நாடே கண்டது.

எனவேதான் எம்மவர் சிலர், ‘இந்த அவமானச் சின்னத்தை அடியோடு இடித்துத் தள்ளுங்கள்; பிள்ளைகள் இதை நினைக்கவும் வேண்டாம்’ என்கின்றனர். அவர்களுடைய கோபம் எமக்கும் உண்டு. லயத்திலே இனி ஒரு குடும்பமும் ஓரிரவும் வாழலாகாது என்பதே எமது முதற் கோரிக்கை. சொந்த நிலத்திலே தனி வீடு, கையிலே உறுதிப்பத்திரம். இவற்றைக் கொடுக்காமல் மரபுரிமை பேச வருபவன் மோசடிக்காரன். ஒழுகும் தகரத்தின் கீழே மனிதர் படுத்திருக்க, வாசலிலே நின்று படம் பிடித்துப் போகும் கலாரசனை எமக்கு வேண்டாம்.

ஆனால் இடித்துத் தள்ளுவதனால் யார் தப்புகின்றார்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை நினைவிற் கொள்ளுங்கள். தந்தை இத்தீவிலே பிறந்தவரா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தவரா என்று அது கேட்டது. பாட்டன் பிறந்த காம்பராவிலேயே பேரனும் பிறந்திருந்தான். ஆனால் எழுத்திலே சான்றில்லை. தனி விலாசமுமில்லை, வந்த கடிதமும் தோட்டத்துக் கந்தோர் வழியே வந்தது. கடதாசி இல்லாதவனை நாடில்லாதவனாக்கினார்கள். 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் அந்த மக்களை இலக்கமாக்கிப் பங்கு பிரித்தது. அக்காலத்தில் அவர்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே சான்று அந்தக் கற்சுவர்தான். அதனை எவரும் விசாரிக்கவில்லை. இன்று அச்சாட்சியையும் அகற்றிவிட்டால், ‘இவர்கள் நேற்று வந்தவர்கள்’ என்னும் பழைய பொய்க்கு மறுபடியும் கால் முளைக்கும்.

அதுமட்டுமோ? வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்திலே புகுந்து தொழிலாளரைச் சந்தித்தார். 1940 ஜனவரியிலே முல்லோயாவில் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தன் தோட்டத் தொழிலாளியே. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு அரங்காயிருந்தது லயத்து வாசல். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு சுவர் தாண்டி மறு காம்பராவுக்குக் கேட்டன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையகப் பாடல்கள் மேடைகளிலே பிறந்தவை அல்ல. அவமானம் அதைக் கட்டியவனுக்குரியது. அங்கே வாழ்ந்து சங்கம் கண்டவனுக்கும் பாட்டுக் கட்டியவளுக்கும் அது எங்ஙனம் அவமானமாகும்?

சட்டத்தின் போக்கையும் பாருங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழைமைக்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2. அதாவது கண்டி ஒப்பந்த நாள். தோட்டங்கள் யாவும் அதன் பின்னரே தோன்றியவை. ஆகவே ஒரு லயமும் தானாகப் பழைமையாவதில்லை. அரசு தனியே பிரகடனம் செய்ய வேண்டும். குடியேற்ற காலத்துக் கட்டிடங்கள் பல அவ்வாறு காக்கப்பட்டுள்ளனவே! அங்கே நீளும் பேனா லயத்தின் வாசலில் மட்டும் ஏன் மை வற்றுகின்றது?

கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்தைத் தொழிலாளரின் நூதனசாலையாக்கி, அவர்களுடைய கருவிகளையும் பாத்திர பண்டங்களையும் சேர்த்து வைத்திருக்கின்றனர். அரசின் கொடையன்று அது. பாராட்டுகின்றோம், ஆனால் ஒன்று போதாது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும், ஆட்கள் புதுவீடு புகுந்தபின், ஒரு பழைய லயமாவது பீலிக்கரையோடும் பிரட்டுக்களத்தோடும் பிரகடனப்படுத்தப்பட வேண்டும். வெள்ளையடித்து, பூந்தொட்டி வைத்து, தேநீர் விற்கும் கடையாக்கலாகாது. புகை படிந்த சுவர் புகை படிந்தே நிற்கட்டும். அங்கே வழிகாட்டியாக நிற்பவர் அந்த லயத்திலே பிறந்தவராக இருக்கட்டும். சம்பளமும் அவருக்கே செல்லட்டும். பெரும்பாலான தோட்டங்களின் நிலம் அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் மட்டுமே கம்பனிகளிடம் போயிற்று. அத்துண்டு நிலங்களை மீட்டெடுக்க அரசே முன்வர வேண்டும். கந்தோர்களின் அலுமாரிகளிலே செல்லரித்துக் கிடக்கும் பழைய செக்றோல் புத்தகங்களையும் உடனே கைப்பற்றிச் சுவடிக்கூடத்திற் சேர்க்க வேண்டும். பாட்டன்மாரின் பெயர்கள் எழுத்திலே எஞ்சியிருப்பது அவற்றில்தான்.