அதெப்படி முடியும்?



நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "அதெப்படி முடியும்?" மகள் வெளியூரில் படிக்க வேண்டும் என்கிறாள். தம்பி வேலையை விட்டுவிட்டுக் கடை வைக்கலாமா என்கிறான். உடனே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேள்விக்குறி இருந்தாலும் இது கேள்வி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவோம்.

இந்தக் கேள்வியைப் பற்றி யோசிக்க வைத்தவர் ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி. புலியூர் என்ற மலைக்கிராமத்துப் பழங்குடிப் பெண், சட்டம் படித்தவர். 2023 நவம்பரில் சிவில் நீதிபதி தேர்வும் பிரசவமும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. குழந்தை பிறந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. "பச்சை உடம்புக்காரி வாசலைத் தாண்டலாமா?" என்று நாம் கேட்கும் நேரம் அது. அவர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் முடிவு வந்தபோது, தமிழ்நாட்டின் முதல் பழங்குடிப் பெண் சிவில் நீதிபதி என்று நாளிதழ்கள் எழுதின. அப்போது அவருக்கு வயது 23.

இதை "மன உறுதி இருந்தால் போதும்" என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. அந்தக் கார் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. யாரோ அதை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். "அதெப்படி முடியும்?" என்ற கேள்வி அந்த வீட்டிலும் எழாமல் இருந்திருக்காது. ஆனால் அங்கே அது நிஜமாகவே கேள்வியாக இருந்திருக்கிறது. வண்டிக்கு என்ன செய்வது, கூட யார் போவது, வழியில் எங்கே நிறுத்துவது என்று பதில் தேடியிருப்பார்கள். அன்றைய முதலமைச்சர் ஸ்ரீபதியை வாழ்த்தியபோது அவருடைய தாயையும் கணவரையும் சேர்த்தே பாராட்டினார். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் உள்ள முன்னுரிமையையும் குறிப்பிட்டார். ஒருவர் நெஞ்சில் இருக்கும் நம்பிக்கை ஊர் போய்ச் சேர, குடும்பத்திலிருந்து சட்டம் வரை இத்தனை பேர் வண்டி தள்ள வேண்டியிருக்கிறது.

பிரசவித்த உடம்போடு எல்லோரும் பயணம் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இப்படியொரு சோதனை எந்தத் தாய்க்கும் வராமலிருப்பதே நல்லது.

ஏற்பாட்டோடு காத்திருந்தவர்களின் கதை இன்னொன்றும் அதே ஜவ்வாது மலையில் உண்டு. அங்கே காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குச் சொன்ன அந்த இரவில், கண்காணித்த இடங்களில் காவலூரும் ஒன்று. விண்மீனைக் கோள் மறைப்பது நமக்காகக் காத்திருக்கும் காட்சி இல்லை. வானம் மூடிக்கொள்ளும் என்று போர்த்திப் படுத்தவருக்கு அன்று ஒன்றும் அகப்பட்டிருக்காது. எல்லாம் நல்லபடி நடக்கும் என்று கருவியைச் சரிபார்க்காமல் விட்டவருக்கும் அகப்பட்டிருக்காது.

உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் தம் ஆய்வுகளில் கண்டதும் இதற்கு நெருக்கமானதுதான். வெற்றியைக் கற்பனை செய்து அதிலேயே மகிழ்ந்துபோகிறவர்கள் உழைப்பில் சுணங்கிவிடுகிறார்கள். ஆசையோடு குறுக்கே நிற்கும் தடையையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறவர்கள், எட்டக்கூடியது என்று தெரிந்தால் வேலையில் இறங்கிவிடுகிறார்கள்.

ஆகவே, 'நெகட்டிவாகப் பேசாதே' என்று வீட்டுப் பெரியவர்களின் வாயை அடைக்க வேண்டியதில்லை. "மழை வந்தால்?" என்று கேட்கும் பாட்டிதான் பையில் குடையை வைத்து அனுப்புகிறார். கேட்டுவிட்டுக் குடை தேடினால் அது முன்யோசனை. கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால்தான் வினை. அப்படிச் சாத்திச் சாத்திப் பழகிய வீட்டில், கொஞ்ச நாளில் பிள்ளைகள் எதையும் வந்து சொல்வதையே விட்டுவிடுவார்கள்.

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு இளைஞர் புதிய தொடர் ஒன்றுக்கு யோசனை சொன்னார். "அதெப்படி முடியும்?" என்று என் வாயிலிருந்தும் வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க தம்பி, எப்படி முடியும்னு சொல்லுங்க" என்றேன்.

ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த மாதம் தொடர் வருகிறது.

அன்புடன்,
ஆசிரியர்