அன்பு காட்டும் இயந்திரங்கள்

மனிதனின் வேலைச் சுமையைக் குறைக்கவே இயந்திரங்கள் தோன்றின. மாவரைக்கவும், துணி துவைக்கவும், கணக்குப் போடவும் அவற்றை ஏவினோம். இன்றோ, தனிமையில் வாடும் நெஞ்சுக்குத் துணையிருக்கவும் அவற்றை ஏவத் தொடங்கிவிட்டோம். இது வளர்ச்சிதானா? அல்லது நம் கடமையிலிருந்து நழுவும் வழியா? சற்றே சிந்திப்போம்.

ஜப்பானிய விஞ்ஞானி தகனோரி ஷிபாத்தா 1993-ஆம் ஆண்டு ஆராய்ச்சியைத் தொடங்கி உருவாக்கிய இயந்திரம் 'பாரோ'. வெண்மயிர் போர்த்திய கடல்நாய்க் குட்டியின் வடிவம் அதற்கு. தடவிக் கொடுத்தால் கண் சிமிட்டும். குரல் கேட்டால் தலையைத் திருப்பும். குட்டியைப் போலவே ஒலி எழுப்பும். பூனை வடிவில் செய்தால் மக்கள் உண்மைப் பூனையோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள். கடல்நாயை வீட்டில் வளர்த்தவர் யார்? எனவேதான் இவ்வடிவம்! 2005-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பாரோ, டென்மார்க் முதலிய நாடுகளிலும் நினைவு தடுமாறும் முதியோரின் மடியில் இடம் பெற்றுள்ளது. பேச்சுக் குறைந்துபோன முதியவர் சிலர் அதனிடம் பேசத் தொடங்குவதைப் பராமரிப்போர் கண்டிருக்கிறார்கள்.

1999-இல் சோனி நிறுவனம் 'ஐபோ' என்னும் இயந்திர நாயை வெளியிட்டது. ஜப்பானில் 3,000 நாய்கள் இருபதே நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. 2006-இல் உற்பத்தியும், 2014-இல் பழுதுபார்க்கும் பணியும் நின்றன. இயங்காமற்போன நாய்களுக்காக இசுமி நகரிலுள்ள ஒரு புத்தர் கோயிலில் இறுதிச் சடங்குகள் நடைபெற்றன. 2018-இல் நடந்த ஒரு சடங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அதன் பின்னரே அவற்றின் பாகங்களைக் கழற்றி, பழுதான பிற நாய்களுக்குப் பொருத்தினர்.

இதைக் கேட்டு நகைக்க நமக்கு மனம் வரவில்லை. மரப்பாச்சிக்குச் சோறூட்டி, தாலாட்டித் தூங்க வைத்தவர்கள்தாமே நாமும்! அன்பு பொம்மையிடமிருந்து வருவதில்லை. நம்மிடமிருந்தே அதற்குப் போகிறது. அழுதவர்களின் கண்ணீர் பொய்யன்று.

"முதியவரின் முகம் மலர்ந்தால் போதாதா? இயந்திரமானால் என்ன?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். கலங்கிய மனத்தை அமைதிப்படுத்தும் எதையும் நாம் பழிக்கவில்லை. பராமரிப்பவர் அருகே அமர்ந்து, பாரோவைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தால் அது நல்ல கருவியே. ஆனால், "பாரோ இருக்கிறதே" என்று மகனும் மகளும் வருகையைக் குறைத்துக்கொண்டால், அதே கருவி அவர்கள் மனச்சாட்சியை உறங்க வைக்கும் மருந்தாகிவிடும். இன்று ஒருவர் மடியில் கண் சிமிட்டிய பாரோ, அவர் மறைந்த மறுநாள் அடுத்தவர் மடியிலும் அவ்வாறே கண் சிமிட்டும். அது அவரைத் தேடாது. தேடுவதற்கு ஓர் உள்ளம் வேண்டுமன்றோ?

இந்த இயந்திரங்கள் நம்மில் பலர் வீட்டிற்கு இன்னும் வரவில்லை. ஆனால் தனிமை வந்துவிட்டது. ஒரே கதையை மூன்றாம் முறை சொல்லும் பாட்டியிடம், "இதை அப்போதே சொன்னீர்களே" என்று எழுந்து போகிறவர்கள் நாம். பாரோ அப்படி எழுந்து போவதில்லை. இயந்திரத்துக்குள்ள பொறுமைகூட நமக்கில்லை என்றால், குறை விஞ்ஞானத்தினுடையதா, நம்முடையதா?

அன்புத் தோழியரே, இன்று மாலை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கதையை நான்காம் முறையும் கேட்போம்!